கேட்டதற்கு மட்டும் பதில்

பழைய வோண்மொபில் வாங்க வருகிறவர்கள் அநேகமாக நாலு கேள்வி கேட்பார்கள். எத்தனை கிலோமீற்றர் ஓடியது? ரியூவ் பரிசோதனை எதுவரைக்கும் செல்லும்? ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது? உள்ளுக்குத் தண்ணீர் வருமா? 2024 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை இந்த நாலு கேள்விகளையும் ஒரு மனிதர் என்னிடம் கேட்டார். முதல் மூன்றுக்கும் கடதாசி காட்டினேன். நாலாவதற்கு, "இப்போது ஒரு சொட்டும் வராது" என்று சொன்னேன்.

அந்த வசனத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அந்த வசனத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஜேர்மனிக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். வோண்மொபில் என்பது படுக்கை, குசினி, கக்கூசு எல்லாம் உள்ளே வைத்துக் கட்டிய வண்டி. கரவன் மாதிரி இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை, தானே ஓடும். எங்களுடையது 1993இல் செய்தது. கீழே ஃபியற் டுக்காற்றோவின் அடிச்சட்டமும் இரண்டரை லீற்றர் டீசல் எஞ்சினும். அதன்மேல் வேறொரு கொம்பனி கட்டிய வீடு. சாரதியின் தலைக்கு மேலே நெற்றி மாதிரி முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிற ஒரு பரண், அதற்குள் இரண்டு பேர் படுக்கலாம். அல்கோவ் என்று சொல்வார்கள். இந்தப் பரணை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

"எங்களுடையது" என்பதில் நானும் என்னோடு ஒரே குசினியில் வேலை செய்யும் நண்பனும் அடக்கம். 2021 இலையுதிர்காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் போட்டு 8,800 யூரோவுக்கு வாங்கினோம். அவனுடைய சகோதரங்கள் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் பாரிசிலும். மனைவி பிள்ளைகளோடு அங்கெல்லாம் போய்வர ஹொட்டல் கட்டுப்படியாகாது. எனக்குக் குடும்பமில்லை. ஒரு கதவின் சாவி என் பெயரில் இருக்கவேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது.

நண்பனின் அம்மா முதல்நாள் வந்து பார்த்தா. உள்ளே ஏறவில்லை. "தொண்ணூற்றைஞ்சில லாண்ட்மாஸ்ரர் பெட்டிக்குள்ள வீட்டைக் கட்டிக்கொண்டு போனது காணாதெண்டே இப்ப காசு குடுத்து வாங்கியிருக்கிறியள்?" என்று கேட்டா. அவவுக்கு என்ன பதில் சொல்வது? 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்களில் ஒருவருக்கும் திரும்பிவரும் திகதி தெரியாது. வோண்மொபிலில் போகிறவனுக்கு இன்ன திகதியில் வேலைக்கு நிற்கவேண்டும். ஒரேயளவு இடம், ஒரேயளவு சாமான், ஆனால் திரும்பிவர ஒரு முகவரி இருப்பதும் இல்லாததும் வேறுவேறு. இதை நான் அவவுக்குச் சொல்லவில்லை. அவவும் பதிலுக்காகக் கேட்கவில்லை.

இந்த வண்டிகளின் முதல் எதிரி எஞ்சினல்ல, கறளுமல்ல, மழை. சுவர் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கும்: வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே மூன்று மில்லிமீற்றர் பிளைவூட், அதன்மேல் மரநிறக் கடதாசி, இரண்டுக்கும் நடுவே மரச்சட்டங்களும் ஸ்ரைறோபோமும். தகடுகள் சந்திக்கும் மூலைகளில் ஓர் அலுமினியப் பட்டி. அந்தப் பட்டியை நெருக்க நெருக்கத் திருகாணி போட்டு மரத்தோடு இறுக்கியிருப்பார்கள். பட்டிக்குக் கீழே ஒட்டுப்பசை. இருபது முப்பது வருசத்தில் பசை காய்ந்து வெடித்துவிடும். வெயிலில் தகடு நீள்கிறது, பனியில் சுருங்குகிறது, ஓடும்போது முழு வீடும் முறுகுகிறது. திருகாணியின் புரி வழியே தண்ணீர் மரத்துக்குள் இறங்கும். இறங்கிய இடத்தில் அது தன்னைக் காட்டாது. சட்டம் குடித்து அடுத்த சட்டத்துக்குக் கொடுக்கும். உள்ளே கடதாசியில் கறை தெரிகிறபோது மரம் போய் நெடுநாளாகியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு ஊசி வைத்த ஓர் ஈரமானி இருக்கிறது. காய்ந்த மரம் பதினைந்து வீதத்துக்குக் கீழே காட்டும். இருபதைத் தாண்டி நெடுக நின்றால் உக்கவைக்கும் பூஞ்சணத்துக்கு அது வீடு. நாங்கள் ஈரமானி வாங்கியது வண்டியை வாங்கி மூன்று மாதத்துக்குப் பிறகு. வண்டியின் பின்சுவர் புத்தம்புதிய வெள்ளைப் பலகையால் மூடப்பட்டிருந்தது. அந்த அழகைப் பார்த்துத்தான் நாங்கள் வாங்கியதே. ஊசியைக் குத்தினோம். பலகையைக் கழற்றினோம். உள்ளே சட்டங்களை விரலால் தோண்டி எடுக்கக்கூடியதாக இருந்தது, ஊறிய தேயிலைச் சக்கை மாதிரி.

நண்பன் கொதித்தான். நானும்தான். ஜேர்மன் சிவில் சட்டக்கோவையின் 444ஆவது பிரிவை அப்போதுதான் தேடி வாசித்தேன். தனியார் விற்கும்போது "பார்த்தபடி வாங்கப்பட்டது" என்று எழுதிப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளலாம், ஆனால் ஒரு குறையைத் தெரிந்துகொண்டே வஞ்சகமாக மறைத்தவருக்கு அந்த எழுத்து கைகொடுக்காது. நல்ல சட்டம். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நாங்கள் நிரூபிக்கவேண்டும். வெள்ளைச் சுவரே சாட்சி என்றான் நண்பன். விற்றவருக்கு ரெலிபோன் எடுத்தோம். அவர் கோபப்படவே இல்லை. "நீங்கள் கேட்கவில்லையே" என்றார்.

வழக்குப் போடப் பணமில்லை. திருத்தினோம். இரண்டு மாரிகாலம், திங்கட்கிழமைகளில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் துளைகருவியைத் தொட்டால் அயலவர் பொலிசைக் கூப்பிடுவார்கள், அதோடு ஞாயிறு எங்களுக்குக் குசினியில் பெருநாள். ஒரு விவசாயியின் கொட்டிலில் வாடகைக்கு இடமெடுத்து, பின்சுவரில் உக்கியதையெல்லாம் வெட்டி எறிந்து, நல்ல மரம் வரும்வரைக்கும் போய், புதுச்சட்டம் பொருத்தினோம். அதற்கு முதல் காற்றாடியும் ஈரமுறிஞ்சும் மெசினும் வைத்து வாரக்கணக்காகக் காயவிட்டோம். இந்த வேலையில் ஒருவர் கட்டாயம் அறியவேண்டிய விசயம் இதுதான்: ஈரம் உள்ளே இருக்கும்போது வெளியே அடைக்கக்கூடாது. அடைத்தால் புதுத் தண்ணீர் வராதுதான். ஆனால் உள்ளே நிற்கும் தண்ணீருக்கும் வெளியே போக வழியில்லை, அது இருந்த இடத்தில் இருந்து தின்னும்.

இன்னொன்று சிலிக்கோன். மலிவு, மினுக்கம், பூசச் சுகம். ஆனால் சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு வேறெந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது, கடைசித் துகள்வரைக்கும் சுரண்டி எடுக்கவேண்டும். ஆகவே வேலை தெரிந்தவர்கள் பட்டிக்குக் கீழே பியூற்றைல் நாடாவோ அதற்கென்று செய்த பசையோதான் பாவிப்பார்கள். ஒரு பழைய வண்டியின் மூலையில் சிலிக்கோனைக் கண்டால், இங்கே யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கும் நண்பனுக்கும் முதல் முரண்பாடு வந்தது பணத்தை எதில் போடுவது என்பதில். அவனிடம் ஒரு பட்டியல் இருந்தது: கூரையில் சோலார் தட்டு இரண்டு, லிதியம் பற்றறி, எல்இடி விளக்குகள், பின்னுக்குப் பார்க்கும் கமரா, புது மெத்தையுறை. பட்டியலில் புத்தி இல்லாமலில்லை. 100 அம்பியர் மணி ஈயப் பற்றறி 25 கிலோவுக்கு மேல் நிறை, அதிலும் பாதியைத்தான் பாவிக்கலாம். அதே அளவு லிதியம் பற்றறி 12 கிலோ அளவில்தான் வரும், ஏறக்குறைய முழுவதையும் பாவிக்கலாம். பழைய ஹலஜின் குமிழ் 10 வாற் தின்னும் இடத்தில் எல்இடி இரண்டு வாற்றோடு எரியும். நானும் ஆசைப்பட்டேன். கூரையில் தட்டைப் பூட்டி, முதல்முறை வெயிலே பற்றறியை நிரப்பியபோது இரண்டு பேரும் பிள்ளைகள் மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் ரயர்? ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2311 என்றால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் புத்தம்புதிதாகத் தெரியும், உள்ளே றப்பர் கிழடாகியிருக்கும், ஏனென்றால் இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். காஸ் குழாயும் அழுத்தச் சீராக்கியும் பத்து வருசத்துக்கொருமுறை மாற்றவேண்டும். ரைமிங் பெல்ற்றைக் கிலோமீற்றர் ஓடாவிட்டாலும் வயது பார்த்து மாற்றவேண்டும். பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், அதையும் மாற்றவேண்டும். இவற்றில் ஒன்றையும் யாரும் படம்பிடித்துச் சகோதரத்துக்கு அனுப்புவதில்லை. மேம்படுத்தினால் ஏதாவது நடக்கும், விளக்கு எரியும், கமராவில் படம் தெரியும். பராமரித்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமலிருப்பதுதான் அதன் வெற்றி, அதற்குக் கைதட்ட ஆளில்லை. குசினியில் வேலைசெய்பவர்களுக்கு இது புதிதல்ல. சாப்பிட வருகிறவர்கள் தட்டைப் பார்க்கிறார்கள். அடுப்புக்கு மேலே புகைபோகும் குழாயில் எவ்வளவு கொழுப்புப் படிந்திருக்கிறது என்பது எங்களுக்கு மட்டும் தெரியும்.

2024 பெப்ரவரியில் நான் பரணுக்குள் ஏறி முன்மூலையில் பெருவிரலால் அழுத்தினேன். பலகை உள்ளே போனது. ஈரமானி 28 காட்டியது. அந்த மூலையிலிருக்கும் சட்டங்கள்தான் பரண் படுக்கையைத் தாங்குகின்றன. அதைத் திறப்பதென்றால் முன்யன்னல், பட்டி, படுக்கை எல்லாம் கழற்றவேண்டும். இன்னுமொரு அரை வருசத் திங்கட்கிழமைகள், இன்னுமொரு 1,500 யூரோ. கையில் காசு முடிந்திருந்தது. நண்பனுக்கோ போட்ட காசு திரும்பத் தேவைப்பட்டது. எதற்கு என்பது அவனுடைய விசயம், ஆனால் உல்லாசத்துக்கல்ல.

மார்ச்சில் ஒரே நாளில் முடித்தோம். வெளியே இரண்டு குழாய் சிலிக்கோன். உள்ளே அழகான சாம்பல்நிறக் கம்பளித் துணி, மூலை தெரியாமல் ஒட்டியது. சிலிக்கோனைப் பூசியது நான். என்னுடைய கை அவனுடையதைவிடச் சுத்தம்.

"கேட்டால் சொல்லுவம்" என்றான் நண்பன்.

"கேக்காட்டி?"

"கேக்காததுக்கு ஏன் மச்சான் வாயைத் திறக்கிறாய்?"

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசத்தோடு நின்றுபோன என் மெய்யியலில் மிச்சமாக ஞாபகமிருப்பவற்றில் சிசெரோவின் ஒரு பக்கமும் உண்டு. கி.மு. 44இல், ஏதென்சில் படித்துக்கொண்டிருந்த மகனுக்குக் கடமைகள்பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பாகத்தில் வருகிறது. ஒருவன் வீடு விற்கிறான். வீட்டில் நோய் இருக்கிறது, படுக்கையறைகளில் பாம்பு வருகிறது, மரம் கெட்டு விழப்போகிறது. உரிமையாளனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவன் சொல்லவேண்டுமா? ஸ்ரொயிக் மெய்யியலாளர்கள் இருவரை சிசெரோ எதிரெதிரே நிறுத்துகிறார். பபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ் (பீப்பாவுக்குள் இருந்தவரல்ல, இவர் வேறு) சொல்கிறார்: வாங்கும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவனுக்குப் பிடிக்காததை அவன் விற்றான், உனக்குப் பிடித்ததை நீ வாங்கினாய், சொல்லாமல் விடுவது வேறு, மறைப்பது வேறு. அவருடைய மாணவரான அன்ரிபாற்றர் மறுக்கிறார்: வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதே குற்றமென்றால், ஒருவனைத் தெரிந்துகொண்டே பிழையான வழியில் போகவிடுவது அதைவிடக் கேடு. மனிதர்களுக்கிடையே இயற்கையான ஒரு கூட்டு இருக்கிறது, உன் நன்மை என் நன்மையிலிருந்து வேறானதல்ல.

சிசெரோ மாணவர் பக்கம்தான் நிற்கிறார். வெறுமனே பேசாமலிருப்பது மறைப்பல்ல என்பதை அவரும் ஒத்துக்கொள்கிறார். ஆனால் உனக்குத் தெரிந்த ஒன்றை, அதை அறிவதில் நலன் உள்ளவர்கள் அறியாமலே இருக்கவேண்டுமென்று உன் இலாபத்துக்காக நீ விரும்பினால் அது மறைப்புத்தான். உரோமில் நடந்த ஒரு வழக்கையும் சொல்கிறார். சீலியன் குன்றில் இருந்த ஒரு வீட்டின் உயரத்தை இடித்துக் குறைக்கும்படி குறிசொல்லும் குருமார் கட்டளையிட்டார்கள். உரிமையாளன் வாய்திறக்காமல் வீட்டை விற்றுவிட்டான். வாங்கியவனிடம் அதே கட்டளை வந்தது. நீதிபதியாக இருந்த கேற்றோ, தெரிந்திருந்தும் சொல்லாத நட்டத்தை விற்றவனே கட்டவேண்டும் என்று தீர்த்தார். 444ஆவது பிரிவின் பாட்டன் இவர்தான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் சிலிக்கோன் பூசினேன். படிப்பு கையைத் தடுக்கவில்லை. மாறாக, நல்ல வசனம் செய்ய உதவியது. பொய்யே கூடாதென்று பிடிவாதமாக நின்ற கான்ற்கூட, தன் விரிவுரை ஒன்றில், நான் பெட்டியைக் கட்டினால் நான் பயணம் போவதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள், அப்படி நினைக்கவேண்டும் என்றே நான் விரும்பினாலும் அது பொய்யாகாது என்கிறார். நாவில் மட்டும் பொய்யைத் தேடினால் இந்த வாசல் திறந்தே இருக்கும். வள்ளுவர் இந்த விசயத்தில் கெட்டிக்காரர். அவர் வாய்மையை உள்ளதைச் சொல்வதாக வரையறுக்கவில்லை, தீமை சிறிதும் இல்லாத சொல்லாக வரையறுத்தார். எங்களுடைய ஆட்கள் அதற்கு அடுத்த குறளைத்தான், நல்லதுக்காகப் பொய்சொல்லலாம் என்பதாக, பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். முதலாவதைப் பிடித்தால் என் "இப்போது ஒரு சொட்டும் வராது" நிற்காது. அதோடு துணி. டயோஜெனிசின் விற்பவன் சும்மா இருந்தான். நாங்கள் சும்மா இருக்கவில்லை. அந்தச் சாம்பல்நிறத் துணி "இங்கே நல்ல சுவர்" என்று எங்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தது.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்பதை எனக்கு முதலில் படிப்பித்தது அம்மா. பள்ளிக்கூடம் போகும் வழியில் சோதனைச்சாவடி. பெயரைக் கேட்டால் பெயர், ஊரைக் கேட்டால் ஊர், அண்ணனைப் பற்றி நீயாக ஒன்றும் சொல்லாதே. பிறகு இங்கே வந்து அகதி விசாரணைக்குப் போகமுதல் அறையிலிருந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். விசாரணையில் நான் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். சொன்ன வசனங்கள் உண்மை, சொல்லாமல் விட்டவையும் உண்மை. எதை விட்டால் எது எப்படித் தெரியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இதை வாசிக்கிற பலருக்கும் அது தெரியும்.

அதுவும் இதுவும் ஒன்றா? இதை நான் கன நாள் யோசித்தேன். ஒன்றல்ல என்று நினைக்கிறேன், ஆனால் என்னுடைய வசதிக்காக அப்படி நினைக்கிறேனோ என்ற சந்தேகமும் உண்டு. அன்ரிபாற்றரின் வாதம் கூட்டுறவின்மேல் நிற்கிறது. துவக்கோடு நிற்பவனும், என்னைத் திருப்பி அனுப்பக் காரணம் தேடிக்கொண்டிருந்த மேசைக்கு அப்பாலிருந்தவரும் அந்தக் கூட்டுக்குள் என்னை எடுக்கவில்லை. அங்கே என் மௌனம் என்னுடைய கூரை. வோண்மொபில் வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. எனக்கும் சேர்த்து பிளாஸ்கில் கோப்பி கொண்டுவந்திருந்தார். அவர் கேட்டார், நான் சொன்னேன், அவர் நம்பினார். உயிர் தப்புவதற்குப் பழகிய வித்தை, உயிருக்கு ஒன்றும் வராத இடத்திலும் தானாகவே வேலைசெய்தது. அது வேலைசெய்வது எனக்கே அப்போது தெரியவில்லை என்று எழுத விருப்பம். தெரிந்தது.

இந்த வித்தை எனக்கு மட்டும் உரியதல்ல. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றியபோது நான் நடைபழகும் பிள்ளை. வளர்ந்து சோனகதெருவால் சைக்கிளில் போகத் தொடங்கிய காலத்தில் அங்கே கூரையில்லாத, கதவுநிலை இல்லாத வீடுகள் நின்றன. கதவுகளும் ஓடுகளும் மரங்களும் எங்கே போயின? எங்கேயோ ஒரு வீட்டில் அவை பூட்டப்பட்டு, மேலே புது வர்ணம் பூசப்பட்டிருக்கவேண்டும். இந்த மரம் எங்கேயிருந்து வந்தது என்று வாங்கியவர்கள் கேட்கவில்லை, விற்றவர்கள் சொல்லவில்லை. பிள்ளைகளாகிய நாங்கள் கேட்டோம். "அது பழைய கதை, நீ படி" என்றார்கள். அறிவதில் நலன் உள்ளவர்கள் அறியாமலிருக்கவேண்டும் என்ற விருப்பத்தை நான் சிசெரோவில் வாசிக்கமுதலே பார்த்திருக்கிறேன்.

நண்பனிடம் இன்னொரு வாதமும் இருந்தது, அது லேசானதல்ல. "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நாங்களும் நட்டப்பட்டுத்தானே நிக்கிறம்?" உண்மை. ஆனால் அந்தக் கணக்கில் ஒவ்வொருவரும் தனக்கு வந்த உக்கலை அடுத்தவருக்குக் கைமாற்றலாம். ரியூவ்காரர் பிறேக்கையும் விளக்கையும் அடிச்சட்டக் கறளையும் பார்ப்பார்கள், சுவருக்குள் திறந்து பார்ப்பது அவர்களுடைய வேலையல்ல. ஆகவே அது விலைப்பட்டுக்கொண்டே போகும், கடைசியில் யாருடைய தலைக்கு மேலே அது விழுகிறதோ அவரோடுதான் நிற்கும்.

12,000 யூரோவுக்கு விற்றோம். 2024 ஓகஸ்டில் அந்த மனிதர் ஒரு படம் அனுப்பினார். டென்மார்க்கின் றொமோ தீவு, வண்டியை நேரே கடற்கரை மணலுக்கே கொண்டுபோகலாம். பின்னால் கடல். பரணின் திரைக்கு வெளியே இரண்டு பிள்ளைகளின் தலைகள், பல்லுத் தெரியச் சிரித்தபடி. பேரப்பிள்ளைகள் என்று எழுதியிருந்தார். தனக்கும் மனைவிக்கும் என்றுதான் வாங்கினார் என்று நான் நினைத்திருந்தேன். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தப் படத்தை ரெலிபோனில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் இருந்தேன். வேலைக்குப் போனேன், வெங்காயம் வெட்டினேன். அந்த ஒன்பது இரவும் பிள்ளைகள் அங்கேதான் படுத்தார்கள். பத்தாம் நாள் எடுத்துச் சொன்னேன். மறுமுனையில் கன நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கேள்வி: எப்போதிலிருந்து தெரியும்? பெப்ரவரி என்றேன். பிள்ளைகளை வெளியே கூடாரத்தில் படுக்கவிட்டு, மிச்ச நாட்களையும் இருந்து முடித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

செப்ரெம்பரில் வண்டியைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு முன்னாலேயே துணியைக் கத்தியால் கிழித்தேன். ஈரமானி 31 காட்டியது. வெளியே ஏணியில் ஏறி, பட்டியோரத்தில் நான் பூசிய சிலிக்கோன் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "சுத்தமாகப் பூசியிருக்கிறீர்கள்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

என்னுடைய பங்கிலிருந்து 2,000 யூரோ திருப்பிக் கொடுத்தேன். வேலையை நானே செய்துதருவதாகவும் சொன்னேன். நண்பன் ஒரு சதமும் தரமாட்டேன் என்றான். "நேர்மையானவன் எண்டு பேர் வாங்க என்ரை பேரையும் சேத்து வித்துப்போட்டாய்" என்றான். இதற்கு என்னிடம் பதிலில்லை. 2013இல் எனக்குப் போக்கிடமில்லாதபோது ஏழு மாதம் தன் அறையின் நிலத்தில் படுக்க இடம் கொடுத்தவன் அவன். எங்கேயிருந்து வந்தாய், என்ன செய்தாய், ஏன் வந்தாய் என்று அந்த ஏழு மாதத்தில் ஒருநாளும் கேட்கவில்லை. அவன் கேட்காமல் விட்டதால்தான் நான் அங்கே இருந்தேன். அன்ரிபாற்றர் கேட்காமல் விடுவதின் இந்தப் பக்கத்தைப் பற்றி ஏதும் சொன்னதாக சிசெரோ எழுதவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து காத்த மௌனத்தை ஒருவன் மட்டும் உடைப்பதற்கு மற்றவனிடம் அனுமதி கேட்கவேண்டுமா? கேட்டிருந்தால் அவன் தந்திருக்கமாட்டான், அது தெரிந்துதான் நான் கேட்கவில்லை. அதுவும் ஒரு மறைப்புத்தான். அதற்குப் பிறகு குசினியில் எங்களுக்குள் பேச்சு, மேசை இலக்கமும் ஓர்டரும் மட்டும்.

சிலிக்கோனைச் சுரண்டி எடுக்கவே நாலு திங்கட்கிழமை போனது. மாரி முழுக்கக் காயவிட்டோம். 2025 வசந்தத்தில் புதுச்சட்டம் வைத்து, பட்டிக்குக் கீழே பியூற்றைல் போட்டு, புதுத் திருகாணியால் இறுக்கினேன். பஸ் சாரதி பக்கத்தில் நின்று சாமான் எடுத்துத் தந்தார், அதிகம் பேசமாட்டார். உள்ளே மூடுகிற நேரம் வந்தபோது, முன்மூலையை மட்டும் ஒட்டவேண்டாம், நாலு திருகாணியில் கழற்றக்கூடிய ஒரு சின்னப் பலகை வையுங்கள் என்றார். வருசத்துக்கொருமுறை திறந்து பார்க்கவேணுமாம். வைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதைத் திறந்து கடைசியாக அளந்துவிட்டு, மாலை வேலைக்குப் போனேன். நண்பன் அடுப்படியில் நின்றான். சட்டியைக் கிளறியபடி, திரும்பிப் பார்க்காமலே கேட்டான்:

"எவ்வளவு காட்டினது?"

"பதின்மூண்டு" என்றேன்.